சோட்டோ ஒருவரா, நால்வரா? யாங்கீஸ் ரசிகர்கள் இன்னும் முடிக்காத வழக்கு

2024 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போகிறார் என்ற செய்தி வெளியானது. 15 ஆண்டுகள், 76.5 கோடி டாலர். அதுவரை எந்த விளையாட்டிலும் எந்த வீரருக்கும் இவ்வளவு பெரிய ஒப்பந்தம் எழுதப்பட்டதில்லை. அதே ஊரின் யாங்கீஸ் அணி, முந்தைய பருவம் முழுவதும் அவரைத் தன் சீருடையில் ஆடவைத்த அணி, 16 ஆண்டுகளுக்கு 76 கோடி தருவதாகச் சொல்லியும் அவரைத் தக்கவைக்க முடியவில்லை. அன்றிரவு தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. இன்னும் ஏற்றிக் கொடுத்திருக்க வேண்டுமா, விட்டதே நல்லதா என்று யாங்கீஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நான் யாங்கீஸ் கட்சிக்காரன். இந்த இரண்டு தரப்பில் எதன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை வரவு செலவோடும், பழைய உதாரணங்களோடும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்டத்தின் இயல்பு. கிரிக்கெட்டில் ஒரு தொடக்க ஆட்டக்காரர் நிலைத்து நின்றுவிட்டால் நாள் முழுவதும் அவரே ஆடலாம். ஆட்டத்தை அவர் ஒருவரே முடித்தும் வைக்கலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஒன்பது பேர் வரிசை முறையில் மட்டை பிடிக்கிறார்கள். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் நான்கு அல்லது ஐந்து முறைதான் அவருடைய முறை வரும். கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் (ஓட்டத் தளத்தில்) நிற்க, மட்டையோடு வருபவர் அணியிலேயே பலவீனமானவராக இருக்கலாம். அவரை உட்காரவைத்து நட்சத்திரத்தை மீண்டும் அனுப்ப விதி இடம் தராது. பந்துவீச்சிலும் அப்படித்தான்: முதன்மைப் பந்துவீச்சாளர் ஐந்து அல்லது ஆறு நாளைக்கு ஒருமுறைதான் ஆட்டத்தைத் தொடங்குவார். ஒற்றை வீரருக்குக் கொட்டும் பணம் அணியின் வெற்றியாக மாற இந்த விளையாட்டு எளிதில் இடம் கொடுப்பதில்லை.

இதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியைவிடக் கசப்பான சாட்சி வேறில்லை. மூன்று முறை எம்விபி (பருவத்தின் மிகச்சிறந்த வீரர்) விருது வென்ற மைக் டிரவுட்டை 2019இல் 12 ஆண்டுகளுக்கு 42.65 கோடி டாலருக்குக் கட்டிவைத்தார்கள். 2018 முதல் 2023 வரை ஆறு பருவங்கள் ஷோஹெய் ஓடானியும் அதே அணியில் இருந்தார். ஒரு தலைமுறையின் மிகச்சிறந்த இருவர், ஒரே அணியில். அந்த ஆறு பருவங்களில் ஒன்றில்கூட அவர்கள் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃபில் டிரவுட் ஆடிய ஆட்டங்கள் மொத்தமே மூன்று. அனைத்தும் 2014இல், மூன்றிலும் தோல்வி.

சோட்டோவை எதிர்க்கும் கட்சி இதோடு வழக்கை முடித்துவிடப் பார்க்கும். அவ்வளவு சுலபமாக முடியாது.

சோட்டோவுக்காகச் சொல்ல வேண்டியவை

பெரிய ஒப்பந்தங்களைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வயதைப் பற்றிய அச்சம். 2011 டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸை அதே ஏஞ்சல்ஸ் அணி 10 ஆண்டுகளுக்கு 24 கோடி கொடுத்து எடுத்தபோது அவருக்கு 32 வயது ஆகவிருந்தது. செயின்ட் லூயிஸில் அவர் செய்த அற்புதங்களுக்கான கூலியை ஏஞ்சல்ஸ் கொடுத்தது. அற்புதங்கள் செயின்ட் லூயிஸிலேயே தங்கிவிட்டன. 2021 மே மாதத்தில் ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை விடுவித்தார்கள். இதில் இன்னொரு துயரமும் உண்டு. அன்றைய விதிப்படி, பூஹோல்ஸை இழந்த செயின்ட் லூயிஸுக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஏஞ்சல்ஸுக்கு இருந்த முதல் சுற்றுத் தேர்வு உரிமை இழப்பீடாகப் போனது. அந்த உரிமையில் 2012இல் அவர்கள் எடுத்த இளைஞர்தான் மைக்கேல் வாக்கா. அடுத்த ஆண்டே அவர் லீக் இறுதித் தொடரின் எம்விபி ஆகி அணியை வேர்ல்டு சீரிஸ் என்ற பட்டத் தொடருக்கு அழைத்துச் சென்றார்.

சோட்டோவின் கதை அப்படியல்ல. டொமினிகன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் 1998 அக்டோபரில் பிறந்தவர். 19 வயதிலேயே வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காகப் பெரிய லீக்கில் இறங்கியவர். 21 வயதில் வேர்ல்டு சீரிஸ் வென்றவர். வாஷிங்டன் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி தருவதாகச் சொன்னதை மறுத்ததால் 2022இல் சான் டியேகோவுக்கும், அங்கிருந்து 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கும் மாற்றப்பட்டார். எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமையோடு சந்தைக்கு வந்தபோது அவருக்கு வயது 26. மட்டையாளர்கள் உச்சத்தில் ஆடும் ஆண்டுகள் அவருக்கு இனிமேல்தான். இந்த வயதில், இந்தத் தரத்தில் ஒருவர் திறந்த சந்தைக்கு வருவது அரிது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் 25 வயது அலெக்ஸ் ரோட்ரிகஸ் வந்தார். 2019இல் 26 வயது பிரைஸ் ஹார்ப்பர் கையெழுத்திட்டார். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2024இல் யாங்கீஸுக்காக அவர் 41 ஹோம் ரன்களும் 109 ரன்பேட்டட்-இன்களும் (அவருடைய மட்டையால் அணிக்கு வந்த ரன்கள்) எடுத்தார். 129 முறை எதிரணியின் தவறான பந்துகளைத் தொடாமல் விட்டே முதல் பேஸுக்கு நடந்தார். வரிசையில் அவருக்கு அடுத்து மட்டை பிடித்த யாங்கீஸ் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ் எப்படி ஆடினார் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பருவத்தின் மதிப்பு தெரியும். அக்டோபர் 19 அன்று கிளீவ்லண்டில், பத்தாவது இன்னிங்ஸில், ஹண்டர் காடிஸ் வீசிய பந்துகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி வெளியே விட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் தனக்கு வேண்டிய பந்து வந்ததும் நடுமைதானத்துக்கு மேலே தூக்கி அடித்தாரே, அந்த மூன்று ரன் ஹோம் ரன்தான் யாங்கீஸை 2009க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனது. அந்த ஒரு முறையில் அவர் காட்டிய பொறுமையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. வேறு எந்த மட்டையாளரிடமும் நான் அதைக் கண்டதில்லை.

சம்பளத் தொகையைக் கண்டு மலைப்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2000இல் ரோட்ரிகஸுக்கு டெக்சாஸ் கொடுத்த 10 ஆண்டு, 25.2 கோடி ஒப்பந்தத்தை அன்று பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆண்டுக்கு இரண்டரைக் கோடி. 2024இல் மேக்ஸ் ஃபிரைட் என்ற நல்ல, ஆனால் வரலாற்று நாயகன் அல்லாத, பந்துவீச்சாளருக்கு யாங்கீஸ் ஆண்டுக்கு 2.7 கோடிக்கு மேல் கொடுக்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சோட்டோவின் ஆண்டுச் சம்பளமான 5.1 கோடி 2035இல் எப்படித் தெரியும் என்பதை இன்றைய கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எதிர்த்துச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஒப்பந்தம் 2039 வரை நீள்கிறது. அப்போது அவருக்கு 41 வயது நெருங்கியிருக்கும். வெளிமைதானத்தில் அவருடைய தடுப்பாட்டம் இப்போதே சுமார்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியேறும் உரிமை அவருக்கு இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் மெட்ஸ் மீதிப் பத்து ஆண்டுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் கூட்டிக் கொடுத்து, மொத்தத்தை 80.5 கோடியாக்க வேண்டும். நன்றாக ஆடினால் விலை கூடும், மோசமாக ஆடினால் 2039 வரை சுமக்க வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் சுமை அணியின் தலையில்தான்.

பணத்தைப் பிரித்துக் கொடுத்தால்

சோட்டோவை இழந்த யாங்கீஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. சில நாட்களிலேயே ஃபிரைடுடன் 8 ஆண்டு, 21.8 கோடி ஒப்பந்தம். மில்வாக்கியிலிருந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர் டெவின் வில்லியம்ஸ். சிகாகோ கப்ஸிடமிருந்து வெளிமைதானத்துக்கு கோடி பெல்லிஞ்சர் என்ற வீரர். முதல் பேஸுக்கு 37 வயது பால் கோல்ட்ஷ்மிட், ஓராண்டுக்கு 1.25 கோடி. ஒருவருக்குப் போகவிருந்த பணம் நால்வரானது.

இந்தத் தீர்மானத்தைச் சிக்கனம் என்று பாராட்டுபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்தால் இந்த நால்வரின் சம்பளம் ஏழு கோடி டாலரைத் தொடுகிறது, சோட்டோவின் 5.1 கோடியைவிட அதிகம். பிரித்துக் கொடுத்ததால் யாங்கீஸ் மிச்சம் பிடிக்கவில்லை. அவர்கள் பெற்றது வேறு: 2039 வரை கட்டுண்டு கிடக்காத சுதந்திரம், ஒரே உடலின் முழங்காலையும் தோளையும் நம்பியிராத நிலை.

களத்தில் என்ன நடந்தது? ஃபிரைட் 19 வெற்றி, 5 தோல்வி, 2.86 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது). அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் கெரிட் கோல் மார்ச் மாதத்தில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய் முழுப் பருவத்தையும் இழந்த ஆண்டில் இது. ஃபிரைட் இல்லையென்றால் ஜூன் மாதத்துக்குள் கதை முடிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெல்லிஞ்சர் 29 ஹோம் ரன்கள், 98 ரன்பேட்டட்-இன்கள் எடுத்ததோடு வெளிமைதானத்தில் எந்த மூலையிலும் நின்றார். கோல்ட்ஷ்மிட் பாதிப் பருவம் நன்றாக ஆடினார். வில்லியம்ஸ் ஏமாற்றினார், இஆர்ஏ 4.79, முடித்துவைக்கும் பொறுப்பையும் இழந்தார். அவருக்காக மில்வாக்கிக்குக் கொடுத்த கேலப் டர்பின் 2025இல் அங்கே முதன்மை மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ஆனார். யாங்கீஸ் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த இடம் அது.

94 வெற்றி, 68 தோல்வி. டொராண்டோவும் அதே எண்ணிக்கைதான். நேரடி ஆட்டங்களில் டொராண்டோ முன்னணியில் இருந்ததால் பிரிவுப் பட்டம் அவர்களுக்குப் போனது. பிளேஆஃபில் பாஸ்டனை வீழ்த்திய யாங்கீஸ், டொராண்டோவிடம் 3-1 எனத் தோற்று வெளியேறியது.

அதே ஆண்டில் மெட்ஸ்? சோட்டோ மந்தமாகத் தொடங்கினார். மே 16 அன்று யாங்கீ ஸ்டேடியத்துக்கு எதிரணி வீரராக வந்தபோது ரசிகர்கள் கூச்சலிட்டார்கள்; வெளிமைதானப் பகுதியில் இருந்தவர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வணங்கினார். அந்தக் கூச்சலில் எனக்கு உடன்பாடில்லை. நம்மை வேர்ல்டு சீரிஸுக்கு அழைத்துச் சென்றவர், சட்டப்படி தனக்குக் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தினார். அதற்கு மேல் அவர் செய்த பிழை எதுவுமில்லை. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 43 ஹோம் ரன்கள், 105 ரன்பேட்டட்-இன்கள், 127 நடைகள். அதற்கும் மேலாக 38 பேஸ் திருட்டுகள், அதாவது அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவை. அதற்கு முன் எந்தப் பருவத்திலும் அவர் 12ஐத் தாண்டியதில்லை. வேகமான கால்கள் இல்லாதவர், பந்துவீச்சாளரின் அசைவைப் படித்தே திருடினார். கொடுத்த காசுக்கு முதலாண்டில் அவர் குறை வைக்கவே இல்லை.

ஆனால் ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி என்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த மெட்ஸ், 83-79 என்று பருவத்தை முடித்தது. சின்சினாட்டியும் அதே எண்ணிக்கை. நேரடி ஆட்டக் கணக்கில் சின்சினாட்டி முந்தியது. கடைசி நாளில் மயாமியில் ஒரு ரன்கூட எடுக்காமல் தோற்று, பிளேஆஃப் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். காரணம் சோட்டோ இல்லை, பந்துவீச்சு உதிர்ந்தது. முக்கியப் பந்துவீச்சாளர் கோடாய் செங்கா ஜூனில் காயம்பட்டார், திரும்பி வந்தபோது பழைய ஆளாக இல்லை, செப்டம்பரில் சிறு லீக்குக்கு இறக்கப்பட்டார். பருவத்தின் கடைசி வாரங்களை நோலன் மெக்லீன் போன்ற புதுமுகங்களின் தோளில் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஒரே ஊர், ஒரே குளிர்காலம், ஒரே வீரர். ஓர் அணி அவரை எடுத்தது, இன்னோர் அணி அந்தப் பணத்தைப் பிரித்தது. பிரித்த அணி 94, எடுத்த அணி 83. "பார்த்தீர்களா?" என்று பிரிவினைக் கட்சி கேட்கிறது. நான் இதை முழுத் தீர்ப்பாக ஏற்கவில்லை. ஓராண்டு என்பது 15இல் ஒன்று.

அதற்கும் மேலாக, பிரித்துக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்பதற்கு யாங்கீஸின் சொந்த வரலாறே எதிர்ச்சாட்சி. 2013 டிசம்பரில் யாங்கீஸின் ராபின்சன் கனோவை 10 ஆண்டு, 24 கோடிக்கு சியாட்டில் தூக்கிக்கொண்டு போனது. யாங்கீஸ் அன்றும் பிரித்தது: ஜகோபி எல்ஸ்பரிக்கு 15.3 கோடி, மசஹிரோ டனாகாவுக்கு 15.5 கோடி, பிரையன் மெக்கனுக்கு 8.5 கோடி, கார்லோஸ் பெல்ட்ரானுக்கு 4.5 கோடி. கூட்டினால் 43.8 கோடி. 2014இல் 84 வெற்றி, பிளேஆஃப் இல்லை. டனாகா கொடுத்ததற்கு உழைத்தார். எல்ஸ்பரியோ 2017க்குப் பிறகு ஓர் ஆட்டம்கூட ஆடாமலே சம்பளம் பெற்றார். கனோவை எடுத்த சியாட்டிலும் அவர் இருந்த காலம் முழுக்க பிளேஆஃபைப் பார்க்கவில்லை. 2018இல் 80 ஆட்டத் தடை வாங்கிய அவரை அந்த ஆண்டின் இறுதியில் மெட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வழியும் தோற்ற குளிர்காலம் அது.

பிரிப்பதில் இன்னொரு பலவீனமும் உண்டு. அது 2025 முடிந்ததும் வெட்டவெளிச்சமானது. பெல்லிஞ்சர் ஒப்பந்தத்தில் தனக்கிருந்த உரிமைப்படி வெளியேறிச் சந்தைக்குப் போனார். கோல்ட்ஷ்மிட்டின் ஓராண்டு முடிந்தது. வில்லியம்ஸ் மெட்ஸிலேயே போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் நால்வரில் ஒப்பந்தத்தோடு எஞ்சியிருந்தவர் ஃபிரைட் மட்டும். அடுத்த குளிர்காலத்தில் அதே ஓட்டைகளை மீண்டும் அடைக்க மீண்டும் பணம். சோட்டோ என்ற பெயர் மெட்ஸ் வரிசையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுப் பிள்ளைகள்

மூன்றாவது வழி, வெளியே போய் வாங்காமல், தான் வளர்த்த வீரரை இளமையிலேயே கட்டிவைப்பது. மலிவும் இதுதான், கேட்பதற்கு இனிமையும் இதுதான். சோட்டோ விஷயத்தில் யாங்கீஸுக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை. அவர் வந்தபோதே சந்தைக்கு ஓராண்டுதான் பாக்கி, அவருடைய முகவர் ஸ்காட் போராஸ் தம் வீரர்களைச் சந்தை விலை தெரியாமல் கையெழுத்திட விடுபவரும் அல்லர்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2022 பருவம் தொடங்கும் நாளில் ஆரன் ஜட்ஜுக்கு யாங்கீஸ் 7 ஆண்டுகளுக்கு 21.35 கோடி நீட்டிப்பு தருவதாகச் சொன்னது. அவர் மறுத்தார். அந்தப் பருவத்தில் 62 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை முறியடித்தார். டிசம்பரில் அதே அணி 9 ஆண்டுகளுக்கு 36 கோடி எழுதியது. ஒரே பருவம், 14.65 கோடி வித்தியாசம்.

2025இல் யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பிய டொராண்டோவின் நாயகன், அவர்களே 16 வயதில் எடுத்து வளர்த்த விளாடிமிர் குரேரோ ஜூனியர். அவர் சந்தைக்குப் போக ஒரு பருவம் இருந்தபோது, ஏப்ரல் மாதத்தில், 14 ஆண்டுக்கு 50 கோடி கொடுத்துக் கட்டிவைத்தார்கள். யாங்கீஸ் தரப்பில் அந்த அக்டோபரின் மிகப்பெரிய இரவை, பாஸ்டனைத் துரத்திய இரவை, கொடுத்தவர் கேம் ஷ்லிட்லர் என்ற புதுமுகம். 2022 தேர்வின் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். எட்டு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன்கூட விடவில்லை. 76 கோடியைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இளைஞரையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கையெழுத்துக்குப் பிறகு என்ன மிஞ்சும்?

இந்த வழக்கில் எல்லோரும் சம்பளத்தையே பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, நட்சத்திரம் கையெழுத்திட்ட மறுநாள் காலையில் உரிமையாளரின் கை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை.

டெக்சாஸில் மூடியிருந்தது. ரோட்ரிகஸ் அங்கே மூன்று பருவங்களில் அடித்தது 52, 57, 47 ஹோம் ரன்கள், 2003இல் எம்விபி. ஒரு வீரர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? மூன்று பருவங்களிலும் அணி தன் பிரிவில் கடைசி இடம். பந்துவீச்சை விலைக்கு வாங்கக் காசு இல்லை. 2004 பிப்ரவரியில் அவரை யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டபோது, மீதிச் சம்பளத்தில் 6.7 கோடியைத் தாங்களே கட்டுவதாக ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

பிலடெல்பியாவில் திறந்திருந்தது. ஹார்ப்பரை 2019இல் 13 ஆண்டு, 33 கோடிக்கு எடுத்தார்கள். அந்த ஆண்டே அவர் விட்டுவந்த வாஷிங்டன் வேர்ல்டு சீரிஸ் வென்றது. பிலடெல்பியா ரசிகர்கள் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. ஹார்ப்பர் வந்த முதல் மூன்று பருவங்களில் பிளேஆஃபே கிடையாது. ஆனால் உரிமையாளர் ஜான் மிடில்டன் நிறுத்தவில்லை. ஸாக் வீலர் வந்தார், கைல் ஷ்வார்பர் வந்தார், டிரே டர்னர் வந்தார். 2022இல் ஹார்ப்பரின் ஹோம் ரன்னோடு வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைந்தார்கள்; பிறகு 2024, 2025 இரண்டிலும் பிரிவுப் பட்டம். வாஷிங்டனோ, ஹார்ப்பருக்குத் தராத பணத்தைப் பந்துவீச்சாளர்களில் போட்டது. பேட்ரிக் கார்பினுக்கு 14 கோடி. 2019 இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்தவர், அடுத்த ஆண்டுகளில் சரிந்தார். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு 24.5 கோடி, அதன் பிறகு அவர் வீசியது எட்டே ஆட்டங்கள். ஒரு பட்டத்துக்கு அந்த விலை தகுமா என்றால், தகும் என்றுதான் வாஷிங்டன் ரசிகர் சொல்வார். நானும் சொல்வேன்.

லாஸ் ஏஞ்சலிஸின் இன்னோர் அணியான டாட்ஜர்ஸில் கை திறந்திருப்பதற்கு வீரரே வழிசெய்தார். ஏஞ்சல்ஸை விட்டு அங்கே போன ஓடானி, தன் 70 கோடியில் 68 கோடியைப் பத்தாண்டு கழித்துத் தரச் சொல்லிவிட்டார். இப்போது அவர் பெறுவது ஆண்டுக்கு 20 லட்சம்தான். அதே குளிர்காலத்தில் யொஷினோபு யமமோட்டோவுக்கு 32.5 கோடி, டைலர் கிளாஸ்னோவுக்கு 13.65 கோடி என்று அணி வாங்கிக்கொண்டே போனது. 2024, 2025 இரண்டு பட்டமும் அவர்களுக்கே. 2025 இறுதித் தொடரின் எம்விபி யமமோட்டோ. சோட்டோ ஒப்பந்தத்தில் அப்படித் தள்ளிவைத்த தொகை ஒரு டாலர்கூட இல்லை.

இங்கேதான் வரி வருகிறது. அமெரிக்கப் பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் 2025இல் அணியின் மொத்தச் சம்பளம் 24.1 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகத் தாண்டும் அணி 30.1 கோடிக்கும் மேலே போனால், மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. 2025இல் யாங்கீஸும் மெட்ஸும் அந்த இடத்தில்தான் இருந்தன. அந்தக் கோட்டுக்கு மேலே அமரும் 5.1 கோடிச் சம்பளம் உரிமையாளரின் பையிலிருந்து ஆண்டுக்கு 10.7 கோடியாக வெளியேறுகிறது. பத்திரிகைகள் சொல்லும் 76 கோடியைவிட, என்னை அச்சுறுத்துவது இந்த எண்தான்.

மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோயன் இந்த வரியைக் கட்டிவிட்டு மேலும் வாங்கும் மனிதர். யாங்கீஸின் ஹால் ஸ்டைன்பிரென்னர் 2024 மே மாதத்திலேயே, இந்த அளவுச் சம்பளப் பட்டியலை நீண்ட காலம் தாங்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவருடைய பட்டியலில் ஏற்கெனவே ஜட்ஜ் 2031 வரை, கோலும் கார்லோஸ் ரொடோனும் 2028 வரை, ஜான்கார்லோ ஸ்டாண்டன் 2027 வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அதன்மேல் சோட்டோ 2040 வரை என்றால், அந்தக் குளிர்காலத்தில் ஃபிரைட் வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. ஃபிரைட் இல்லாமல், மார்ச்சில் கோலும் விழுந்த பிறகு, சோட்டோவும் ஜட்ஜும் சேர்ந்து நூறு ஹோம் ரன் அடித்திருந்தாலும் அந்த அணி மெட்ஸ் நின்ற அதே வாசலில் நின்றிருக்கும்.

2024 வேர்ல்டு சீரிஸின் ஐந்தாம் ஆட்டத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். யாங்கீஸ் 5-0 முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஜட்ஜ் கைக்கு வந்த எளிய பந்தை நழுவவிட்டார். அந்தோணி வோல்பே தவறாக எறிந்தார். கோல் முதல் பேஸைக் காக்க ஓடவில்லை. ஐந்து ரன்கள், ஒன்றுகூடப் பந்துவீச்சால் கொடுத்ததல்ல. 7-6 தோல்வி, பட்டம் போயிற்று. சோட்டோவின் மட்டை அன்றும் அணியில் இருந்தது. அணிக்குத் தேவைப்பட்டது தடுப்பாட்டம், பேஸ் ஓட்டத்தில் ஒழுங்கு, ஆழமான பந்துவீச்சு. பெல்லிஞ்சரும் கோல்ட்ஷ்மிட்டும் ஃபிரைடும் அந்த ஓட்டைகளுக்கு நேராகப் பொருந்தினார்கள்.

ஆகவே 2024 டிசம்பரில் யாங்கீஸ் 76 கோடியோடு நிறுத்திக்கொண்டது சரி என்பது என் முடிவு. அதே இரவில் மெட்ஸ் 76.5 கோடிக்குக் கையெழுத்து வாங்கியதும் சரி. அந்த உரிமையாளருக்கு, அந்த வயதில் அந்த வீரரை விட்டுவிடக் காரணமே இல்லை. அவர்கள் பிழை, அவரை எடுத்ததில் இல்லை, அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய பந்துவீச்சைப் பழுதுபட்ட தோள்களிலும் முழங்கைகளிலும் நம்பி விட்டதில். அடுத்த ஐந்து ஆண்டுகளில் மெட்ஸ் ஒரு பட்டம் வென்று, சோட்டோ அதில் ஓர் அக்டோபர் இரவை முடித்துவைத்தால், யாங்கீஸ் கட்சியில் நான் உட்பட எல்லோரும் வயிறெரிவோம். அப்போதும் ஸ்டைன்பிரென்னரிடம் நான் கேட்கக்கூடியது, சோட்டோவை ஏன் விட்டாய் என்பதாக இருக்காது. விட்டபோது கிடைத்த சுதந்திரத்தை வைத்து 2026இலும் 2027இலும் என்ன வாங்கினாய், ஜட்ஜின் மட்டையில் வேகம் குறைவதற்குள் யாரை அவர் பக்கத்தில் நிறுத்தினாய் என்பதுதான்.